கிராமத்திலிருந்து சட்டமன்றம் வரை: மொரிசியஸ் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கிராமத் தொகுதியின் எம்.பி., அதாவது தேசியச் சட்டமன்ற உறுப்பினர், யார், அவர் எப்படி உருவாகிறார், அவரிடம் எதைக் கேட்கலாம் என்று மொரிசியஸ் வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். இந்த இதழை முழுக்க அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: ஐயா, நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் ஆசிரியர். அடுத்த பொதுத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஊரார் கேட்கிறார்கள். சம்பளமில்லா விடுப்பில் நின்றுவிட்டு, தோற்றால் பள்ளிக்கே திரும்பலாமா? (வாசகர், சுயாக்)

முடியாது. அரசியல் சட்டத்தின் 34ஆம் பிரிவு, அரசுப் பதவியில் இருப்பவர் உறுப்பினராகத் தேர்வு பெறுவதைத் தடுக்கிறது. விடுப்பில் இருந்தாலும் நீங்கள் அரசு ஊழியர்தான். வேலையை விட்டபிறகே வேட்புமனு. ராஜினாமா கடிதத்தை நீட்டிவிட்டு வந்தால் போதாது. அதை ஏற்றுக்கொண்டதாக எழுத்து மூலம் பதில் வாங்கி, வேட்புமனு நாளுக்கு முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள். தோற்றால் பழைய இடம் உங்களுக்காகக் காத்திருக்காது. புதிதாக விண்ணப்பம் போட வேண்டியதுதான். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

மற்ற தகுதிகள் 33ஆம் பிரிவில் இருக்கின்றன. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். வேட்புமனுவுக்கு முன் மொத்தமாக 2 ஆண்டாவது மொரிசியஸில் வசித்திருக்க வேண்டும். அதிலும் கடைசி 6 மாதம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். சபை நடவடிக்கையில் பங்கெடுக்கும் அளவுக்கு ஆங்கிலம் பேசவும் படிக்கவும் தெரிய வேண்டும். சபையின் மொழி ஆங்கிலம். தலைவரை நோக்கிப் பிரெஞ்சிலும் பேசலாம். ஆசிரியரான உங்களுக்கு இவற்றில் சிக்கல் இராது.

கிராமப்புறத்தில் பலர் கவனிக்காமல் விடுவது ஒப்பந்த விதியை. பொதுப் பணிக்காக அரசோடு ஒப்பந்தம் உள்ளவர், அல்லது அப்படிப்பட்ட கம்பெனியில் இயக்குநராகவோ மேலாளராகவோ இருப்பவர், வேட்புமனு போட்ட 14 நாளுக்குள் அந்த ஒப்பந்தத்தின் தன்மையையும் தம் பங்கையும் ஆங்கிலத்தில் அறிவிப்பாக வெளியிட வேண்டும். அரசிதழிலும், தொகுதியில் புழங்கும் செய்தித்தாள் ஒன்றிலும், இரண்டிலுமே வர வேண்டும். லாரி, பஸ், கட்டட வேலை என்று தொழில் வைத்திருக்கும் வேட்பாளர்கள் பிரசார ஓட்டத்தில் இதை மறந்துவிடக்கூடும். வென்றபிறகு எதிர்த்தரப்பு தூசி தட்டி எடுக்கும் முதல் காகிதம் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் யாராவது அப்படித் தொழில் செய்து அதில் உங்கள் பெயரும் இருந்தால், இன்றே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் தம்பி கிராம சபை உறுப்பினர். ஊரில் நல்ல பெயர். அவனுக்கு எம்.பி. டிக்கெட் கிடைக்க என்ன செய்ய வேண்டும்? (வாசகி, காத்தியே மிலிட்டேர்)

உங்கள் தம்பி மாவட்ட சபைக்குப் போயிருக்கிறாரா? அதை முதலில் சொல்லுங்கள், அக்கா. மொரிசியஸில் 130 கிராம சபைகள், ஒவ்வொன்றிலும் 9 உறுப்பினர்கள். அவர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்து மாவட்ட சபைக்கு அனுப்புகிறார்கள். மாவட்ட சபைகள் 7. கிராம சபையின் கையில் இருக்கும் பணம் சொற்பம், அதுவும் மாவட்ட சபை வழியாக வருவது. மைதானம், கிராம மண்டபம், சின்னப் பராமரிப்பு என்று அதன் வேலை நின்றுவிடும். கட்டட அனுமதி, குப்பை அள்ளுதல், தெருவிளக்கு, உள்தெருச் சாலை, சந்தை என்று ஊர் வாழ்க்கையைத் தொடும் முடிவுகள் மாவட்ட சபையில்தான் நடக்கின்றன. அங்கே உட்காராதவர் நிர்வாகத்தைக் கற்பது கடினம்.

உட்கார்ந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. கூட்டத்துக்கு முன் வரும் காகிதக்கட்டை வரி வரியாகப் படிக்க வேண்டும். போன ஆண்டு நம் ஊர் வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை செலவாயிற்றா, திரும்பிப் போயிற்றா? டெண்டர் எங்கே நிற்கிறது? தம் கேள்வியையும் அதிகாரியின் பதிலையும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்ல வேண்டும். குறிப்பில் ஏறாத வாக்குறுதியை யாரும் பிறகு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சில ஆண்டுகள் இப்படிக் காகிதம் படித்துப் பழகியவர், சட்டமன்றத்தில் பட்ஜெட் விவாதத்தின்போது தடுமாறுவதில்லை.

இனி டிக்கெட். நாட்டில் 20 தொகுதிகள், தொகுதிக்கு 3 உறுப்பினர்கள். ரோத்ரிக் தீவுக்கு 2. ஆக ஒரு கூட்டணி ஒரு தொகுதியில் நிறுத்துவது 3 பேரைத்தான். கூட்டணிக் கட்சிகள் முதலில் அந்த மூன்றைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். பிறகு சமூகமும் சாதியும் கணக்கில் வரும். மேடையில் யாரும் பேசாத கணக்கு அது. உள்ளே எல்லாருமே போடுவது. உங்கள் தொகுதியில் அதே கட்சியில் ஏற்கெனவே ஒரு தமிழர் உறுப்பினராக இருந்தால், இரண்டாவது தமிழருக்கு இடம் கிடைப்பது அரிது. அப்போது தம்பியின் திறமையைவிட அந்த மூத்தவர் எப்போது ஒதுங்குவார் என்பதே பெரிய கேள்வியாகிவிடுகிறது. இது நியாயமில்லை என்றே நினைக்கிறோம். ஆனாலும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

ஊரில் நல்ல பெயர் என்கிறீர்கள். அது ஒரு ஊரின் பெயர். கிராமத் தொகுதி என்பது பல ஊர்கள் சேர்ந்தது. பக்கத்து ஊரின் சாவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் தம்பி போகிறாரா? அவர்கள் பிரச்சினையை மாவட்ட சபையில் எழுப்பியிருக்கிறாரா? கட்சியின் தொகுதிப் பொறுப்பாளர் தலைமைக்கு அறிக்கை அனுப்பும்போது கவனிப்பது இதைத்தான்.

எதிர்க்காற்று அடித்தால் நல்ல உறுப்பினரும் தோற்பார் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒரே அணி 60 இடங்களையும் அள்ளியது 1982, 1995, 2024 என்று மூன்று முறை நடந்திருக்கிறது. அதனால் கையில் ஒரு தொழில் இல்லாமல் முழுநேர அரசியலில் இறங்குவது குடும்பத்துக்கு ஆபத்து.

கேள்வி: கிராம சபைக்குப் பெண்கள் வேண்டும் என்று வீடு தேடி வருகிறார்கள். பொதுத் தேர்தலில் மட்டும் யாரும் கூப்பிடுவதில்லையே? (வாசகி, ரோஸ் பெல்)

2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தால் வந்தது இந்த மாற்றம். இரண்டுக்கு மேற்பட்ட வேட்பாளரை நிறுத்தும் குழுவில், ஒரே பாலினத்தவர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. 9 பேரை நிறுத்தினால் 3 பெண்களாவது வேண்டும். 2012 கிராமத் தேர்தலில் இது வேலை செய்தது. சட்டமன்றத் தேர்தலில் நின்ற கட்சிகளை அப்படி எந்த விதியும் கட்டுப்படுத்தவில்லை. இதை மாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கூப்பிடுகிறவர்களிடம் போய் நில்லுங்கள். வென்றதும் மாவட்ட சபைக்கு உங்களை அனுப்பும்படி கேளுங்கள். பட்டியலை நிரப்ப மட்டும் பெண்களைத் தேடும் குழுக்கள் அங்கேதான் கையை விரிக்கும்.

கேள்வி: பெருமழை வந்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். எங்கள் தெபிதே (எம்.பி.) “பார்க்கிறேன்” என்கிறார். மாவட்ட சபை “எங்கள் வேலை இல்லை” என்கிறது. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. நிதி என்று ஒன்று இருக்கிறதாமே, எங்கள் எம்.பி.க்கு அது இல்லையா? (வாசகர், சாந்த்ர் த ஃப்ளாக்)

மொரிசியஸில் எம்.பி.க்கென்று தனித் தொகுதி நிதி கிடையாது. அவர் கையெழுத்தால் ஒரு மீட்டர் வடிகால்கூட வராது. பிறகு எதற்கு எம்.பி.? உரிய அலுவலகத்தை உரிய கேள்வியால் அசைப்பதற்கு. அந்த அலுவலகம் எது என்பதை முதலில் நீங்களும் அவரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் புகார்கள் தவறான கதவைத் தட்டியே வீணாகின்றன.

தண்ணீர் நிற்கும் சாலை எந்த வகை? மோட்டார்வேயும் மாவட்டங்களை இணைக்கும் பெரிய சாலைகளும் ஆர்.டி.ஏ. என்கிற சாலை மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பு. உள்தெரு என்றால் மாவட்ட சபை. பல தெருக்களைச் சேர்த்து ஓடும் புதிய வடிகால் திட்டம் என்றால் பெரும்பாலும் என்.டி.யூ. என்கிற தேசிய மேம்பாட்டுப் பிரிவு. இவற்றுக்கு மேலாக, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் நில வடிகால் ஆணையம் வந்தது. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயி வெள்ளத்தில் 11 பேர் இறந்தபிறகு நெடுநாள் எழுந்த கோரிக்கையின் விளைவு அது. யார் எந்த வடிகாலைப் பார்ப்பது என்பதை ஒருங்கிணைப்பது அதன் வேலை. “எங்கள் வேலை இல்லை” என்ற பதிலை மாவட்ட சபையிடம் எழுத்தில் வாங்கினால், அடுத்த கடிதத்தை ஆணையத்துக்கு எழுத அதுவே உங்கள் ஆதாரம்.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழை ஓய்ந்த மறுநாளே நடந்து பாருங்கள், சேறு வழியைக் காட்டிக் கொடுக்கும். கரும்புக்காட்டு ஓரத்துப் பழைய வாய்க்காலை யாராவது மண் போட்டு மூடியிருக்கலாம். புது மதில் ஒன்று ஓடையின் குறுக்கே எழும்பியிருக்கலாம். நதிக்கரையில் 16 மீட்டர், ஓடைக்கரையில் 8 மீட்டர், சிற்றோடையில் 3 மீட்டர் ஒதுக்கு நிலமாக விட வேண்டும் என்பது வனங்கள் மற்றும் ஒதுக்கு நிலங்கள் சட்டம். அதற்குள் கட்டடம் இருந்தால், புது வடிகால் கேட்பதற்கு முன் அந்த ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதுங்கள். வழியை அடைத்திருக்கும்போது மேலே எத்தனை அகலமாக வடிகால் வெட்டினாலும் தண்ணீர் அடுத்த வீட்டுக்குத்தான் போகும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? வெள்ளம் வந்த தேதி, மழை தொடங்கிய நேரம், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது (சுவரில் உள்ள கறையை அளவுநாடாவோடு சேர்த்துப் படமெடுங்கள்), எத்தனை வீடு, தெருவின் பெயர், அருகிலுள்ள மின்கம்பத்தின் எண். “எங்கள் துயரம் சொல்லி மாளாது” என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட இந்த ஆறு தகவலே அதிகாரியை இடத்துக்கு வரவழைக்கும். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சேர்ந்தபிறகு எம்.பி.யிடம் போங்கள். “ஏதாவது செய்யுங்கள்” என்று கேட்டால் “பார்க்கிறேன்” என்றுதான் வரும். “இதைச் செவ்வாய்க்கிழமைக் கேள்வியாகப் போடுங்கள்” என்று கேளுங்கள். சபை வழக்கமாகச் செவ்வாய் காலை 11.30க்குக் கூடும். உறுப்பினர் முன்கூட்டியே எழுத்தில் தந்த கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். வாய்மொழிப் பதில் வேண்டும் கேள்விக்கு ‘பி’ என்ற எழுத்தோடு எண் வரும், எழுத்துப் பதிலுக்கு ‘ஏ’. வாய்மொழிக் கேள்வி வரிசையில் பின்னால் நின்று நேரம் முடிந்துபோனாலும் பதில் எழுத்தில் வைக்கப்படும்.

கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “ஃப்ளாக் பகுதி வெள்ளத்தைத் தடுக்க அரசு என்ன செய்கிறது?” என்று கேட்டால், நாடு முழுவதற்குமான திட்டங்களை அமைச்சர் கால் மணி நேரம் வாசித்துவிட்டு அமர்ந்துவிடுவார். இப்படிக் கேட்க வேண்டும்: “இன்ன கிராமத்தில், இன்ன தெருவில் வடிகால் அமைப்பது பற்றி, நில வடிகால் ஆணையத்திடமிருந்து தகவல் பெற்று, இடம் எப்போது ஆய்வு செய்யப்பட்டது, வடிவமைப்பு முடிந்ததா, டெண்டர் எப்போது, வேலை தொடங்குவதாக எதிர்பார்க்கும் தேதி என்ன என்று அமைச்சர் சபைக்குத் தெரிவிப்பாரா?” நான்கு கேள்விக்கும் தேதியோ ‘இல்லை’யோதான் பதிலாக வர முடியும். அந்தப் பதில் ஹன்சார்டில், அதாவது சபை நடவடிக்கைப் பதிவேட்டில், அச்சாகிவிட்டால், அடுத்த ஆண்டு “சொன்ன தேதி போயிற்றே” என்று அதே பக்கத்தைக் காட்டலாம். கேள்வி தள்ளிப்போனால், கூட்டம் முடியும் வேளையில் தொகுதிப் பிரச்சினையை எழுப்பவும் உறுப்பினருக்கு வாய்ப்பு உண்டு.

ஜூன் மாத வாக்கில் பட்ஜெட் வரும்; நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. செலவு மதிப்பீட்டைச் சபை குழுவாக அமர்ந்து பார்க்கும்போது எந்த உறுப்பினரும் ஒவ்வொரு தலைப்பாக விளக்கம் கேட்கலாம். உங்கள் தெரு என்.டி.யூ. பட்டியலில் இருக்கிறதா என்று கேட்க அது சரியான நேரம். ஜூலைக்குப் பிறகு கேட்டால் அடுத்த ஆண்டைக் காட்டுவார்கள்.

கேள்வி: மகனுக்கு வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னார். கோவிலுக்குக் கூரை போட்டுத் தருவதாக இன்னொருவர். இதெல்லாம் லஞ்சம் ஆகுமா? (வாசகர், மொக்கா)

உங்கள் 8ஆம் எண் தொகுதியே இதற்குப் பாடம். 2005 பொதுத் தேர்தலில் காத்தியே மிலிட்டேர்–மொக்காவில் வென்ற ஒருவர், அதுவரை சுகாதார அமைச்சராக இருந்தவர். இடுகாட்டை விரிவாக்க நிலம், சுகாதாரத் துறையில் வேலை நியமனம் ஆகியவற்றைக் காட்டி வாக்குத் தேடினார் என்று வழக்கு வந்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் அவர் வெற்றியை ரத்து செய்தது. 2008 நவம்பரில், மொரிசியஸின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளியது. 2009 மார்ச்சில் இடைத்தேர்தல் நடந்தது.

அதே தொகுதியில் 2019 தேர்தலைப் பற்றியும் வழக்கு நடந்தது. முதியோர் ஓய்வூதியத்தை உயர்த்துவோம் என்று அறிவித்தது லஞ்சம், முதியோர் விழாவில் சாப்பாடு போட்டது விருந்து வைத்த குற்றம் என்பது வாதம். 2023 அக்டோபரில் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. நாட்டு மக்கள் அனைவருக்குமான கொள்கை வாக்குறுதி வேறு, குறிப்பிட்ட வாக்காளருக்கு அவர் வாக்கை நோக்கிக் காட்டும் நன்மை வேறு.

இந்த அளவுகோலை உங்கள் கேள்விக்கு வைத்துப் பாருங்கள். ஓட்டுக்காக மகனுக்கு வேலை என்றால் அது தெளிவாகவே லஞ்சம். “எல்லாச் சமயத் தலங்களுக்கும் மானியத்தைக் கூட்டுவோம்” என்பது கொள்கை. “உங்கள் கோவிலுக்கு இந்த வாரம் கூரை, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஓட்டு” என்பது வழக்குக்கான அழைப்பு. கோவில் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வேட்புமனு நாளிலிருந்து முடிவு வரும்வரை எந்த வேட்பாளரிடமும் நன்கொடை வாங்காதீர்கள். காவடித் திருவிழாவுக்கு வருபவரை அன்போடு வரவேற்று விபூதி கொடுங்கள். ஒலிபெருக்கியை மட்டும் கொடுக்காதீர்கள்.

செலவுக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். 1958ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு வைக்கிறது. கட்சிக்காரருக்கு 1,50,000 ரூபாய், சுயேச்சைக்கு 2,50,000 ரூபாய் என்றே அது நெடுங்காலம் இருந்தது. இன்றைய விலைவாசிக்கு இது பொருந்தாத தொகை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தேர்தல் முடிந்தபின் கையெழுத்திட்டுக் கணக்கு ஒப்படைப்பவர் வேட்பாளர்தான். பிரியாணி, பஸ் வாடகை, கொடி எதுவானாலும் ரசீது இல்லாமல் யாரும் அவர் பெயரில் செலவழிக்கக்கூடாது என்று தொண்டர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: வேட்புமனுவில் தமிழர் எந்தச் சமூகம் என்று எழுத வேண்டும்? ‘பெஸ்ட் லூசர்’ இடம் நமக்குக் கிடைக்குமா? (வாசகர், த்ரியோலே)

அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணை காட்டுவது இந்து, முஸ்லிம், சீன–மொரிசியர் என்ற மூன்று சமூகங்களை. இவற்றில் சேராதவர் ‘பொது மக்கள்’. தமிழ் என்று தனிப் பெட்டி இல்லை. தமிழ் இந்துக்கள் இந்துவாகவே எண்ணப்படுகிறார்கள். ‘பெஸ்ட் லூசர்’ என்பது, தேர்தலில் தோற்ற வேட்பாளர்களைக் கொண்டு சமூகவாரியாக நிரப்பும் கூடுதல் இடம். அவை 8 வரை. ஒவ்வொரு சமூகத்தின் மக்கள்தொகையை, அது ஏற்கெனவே பெற்ற இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுப்பார்கள். ஈவு எந்தச் சமூகத்துக்கு அதிகமோ அதற்கு இடம். மக்கள்தொகை இன்றும் 1972 கணக்கெடுப்பின்படியே. இந்துக்கள் நேரடியாகவே பல இடங்களை வெல்வதால் அவர்கள் ஈவு சிறுத்துவிடும். ஆகவே தமிழ் வேட்பாளர் இந்த வழியை நம்பி நிற்கக்கூடாது. சுயேச்சைக்கு இது அறவே கிடையாது, கட்சி வேட்பாளருக்கு மட்டும்தான். சமூகத்தைக் கட்டாயமாக எழுதச் சொல்வது சரியல்ல என்று 2012இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கருத்துச் சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் விலக்கு தந்தார்கள்.

கேள்வி: கிராமத்துத் தொகுதியிலிருந்து உச்சிக்குப் போன தமிழர் யார்? (மாணவி, பாம்ப்ளெமூஸ்)

சர் வீராசாமி ரிங்காடு. வழக்கறிஞர், தொழிற்கட்சிக்காரர். 1951இல் மொக்கா–ஃப்ளாக் தொகுதியிலிருந்து சட்டசபைக்கு வந்தார். தொழிலாளர், கல்வி, பிறகு நிதி என்று அமைச்சுகளைப் பார்த்தார். 1986இல் கவர்னர் ஜெனரல். 1992 மார்ச் 12 அன்று மொரிசியஸ் குடியரசானபோது முதல் ஜனாதிபதி அவரே.

அவர் வந்த காலத்தையும் படியுங்கள். 1948க்கு முன் வாக்காளர்கள் 12,000க்கும் குறைவு. அந்த ஆண்டு, தீவில் வழங்கும் ஏதாவதொரு மொழியில் எளிய வாக்கியங்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கெல்லாம் வாக்கு என்று விதி மாறியது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. வாக்காளர் எண்ணிக்கை 71,000ஐத் தாண்டியது. தோட்டத் தொழிலாளியின் கைக்கு வாக்கு வந்தபிறகே கிராமத் தொகுதிகளின் முகம் மாறியது. எல்லாப் பெரியவர்களுக்கும் வாக்கு 1959 தேர்தலில் வந்தது.

கேள்வி: எனக்குப் பிடித்தவர் ஒருவர்தான். அவருக்கு மட்டும் குத்திவிட்டு வரலாமா? (வாசகர், மாஹேபூர்)

வரக்கூடாது. உங்கள் தொகுதியில் சரியாக 3 பேருக்கு வாக்களிக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ குறித்தாலும் சீட்டு செல்லாது, நான்கு குறித்தாலும் செல்லாது. ரோத்ரிக்கில் மட்டும் 2. பிடித்தவருக்கு முதல் குறி போட்டுவிட்டு, மற்ற இருவரையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். பெட்டியில் போடுமுன் குறிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.